வானம்பாடிக்கு யார் பெயர் வைத்தது?
இப்சனின் 'பொம்மை வீடு' - அன்பும் ஆதிக்கமும்

காதலைப் பொருளாகக் கொண்டு நமது மொழியில் எழுந்த சிறுகதைகளையும் நாவல்களையும் ஒருசேர எண்ணிப் பார்ப்போமானால், அவற்றுட் பெரும்பாலானவற்றிற் காதலின் பகைவன் வெளியிலிருந்தே வருவதைக் காணலாம். சாதித் தடிப்பு மிக்க தகப்பன், சீதனத்துக்குப் பேரம் பேசும் மாமி, பணமுள்ள மைத்துனன், ஊர்வாய் ஆகியோரே காதலரைப் பிரிக்கின்றனர். இத்தடைகள் பொய்யானவையல்ல. இவற்றைச் சாடுவது முற்போக்கு எழுத்தாளரின் கடமையாக இருந்தது, இன்றும் இருக்கின்றது. ஆயினும் ஒரு குறையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சாதிக்கும் சீதனத்துக்கும் எதிராகக் காதலின் பக்கம் நின்று வழக்காடிய நாம், காதலையே சாட்சிக் கூண்டில் ஏற்றி ஒரு கேள்வியேனும் கேட்கத் தவறிவிட்டோம். இருவர் ஒருவரையொருவர் விரும்பிக் கூடிவிட்டால் அத்துடன் நீதி நிலைநாட்டப்பட்டுவிட்டது என்பதுபோல நமது கதைகள் முடிந்துவிடுகின்றன. கூடியபின் அந்த வீட்டினுள் யார் பேசுகின்றார், யார் கேட்டுக்கொண்டிருக்கின்றார் என்பதை அவை பார்ப்பதில்லை.

இதனை எனக்கு உணர்த்தியவள் என் பழைய மாணவி ஒருத்தி. உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தை வாசித்துவிட்டு என்னைத் தேடி வந்தாள். "சேர், ஹெல்மர் அவளை எவ்வளவு அன்பாய் வைச்சிருந்தவர். அடிக்கேல்லை, குடிக்கேல்லை, கேட்ட காசும் குடுத்தவர். பிறகேன் அவள் விட்டிட்டுப் போனவள்?" என்று கேட்டாள். அவள் பேசிக்கொண்டிருக்கையில் அவளது கைத்தொலைபேசி மூன்று தடவை ஒலித்தது. மூன்று தடவையும் எழுந்து சென்று, தான் எங்கே, யாருடன் நிற்கின்றாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். திருமணம் பேசி முடிந்திருந்த இளைஞர், பழகத் தொடங்கிய மூன்றாம் கிழமையே சங்கிலி வாங்கிக் கொடுத்தவர் என்றும், விடுதித் தோழியரோடு அவள் திரிவது அவருக்குப் பிடிப்பதில்லை என்றும் சொன்னாள். "என்னில அவ்வளவு விருப்பம், சேர்" என்று சிரித்தாள். அவள் கேட்ட கேள்வி நாடகத்தைப் பற்றியது மட்டுமன்று என்பது அப்பொழுதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு அன்று நான் சொன்ன மறுமொழி போதாது. இக்கட்டுரை அந்த மறுமொழியை முழுமையாக்கும் முயற்சியாகும்.

'பொம்மை வீடு' 1879 டிசெம்பரில் நூலாக வெளிவந்து, அதே மாதம் 21ஆந் திகதி கொப்பன்ஹேகன் நகர அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. நத்தார் காலத்தின் மூன்று நாட்களில், ஒரே வீட்டினுள் நிகழும் கதை அது. ஹெல்மர் புத்தாண்டில் வங்கி முகாமையாளராகப் பதவியேற்கவிருப்பவன். அவனுடைய மனைவி நோரா மூன்று குழந்தைகளின் தாய். திரை விலகியதும் அவன் அவளை வானம்பாடி என்றும் அணிற்குஞ்சு என்றும் அழைக்கின்றான். நாடகம் முழுவதும் இவ்வழைப்புகள் தொடர்கின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது ஒரு கணவனின் கொஞ்சுமொழி, அவ்வளவே. ஆனால் இப்சன் அம்மொழி எந்த வேளையில் வருகின்றது என்பதை மிகக் கவனமாக அமைத்திருக்கின்றார். செலவைப் பற்றி அவள் ஒரு கருத்துச் சொன்னவுடன் கொஞ்சல் வருகின்றது. கருத்து அங்கேயே நின்றுவிடுகின்றது. அவள் முகம் வாடியவுடன் அணில் சிணுங்குகின்றதா என்று கேட்டவாறு அவன் பணப்பையை எடுக்கின்றான். வளர்ந்த பெண்ணொருத்தியின் அதிருப்திக்குச் செல்லப் பெயரும் சில்லறையுமே மறுமொழியாகின்றன. கொஞ்சல் உரையாடலைத் தொடக்கி வைக்கவில்லை, முடித்து வைக்கின்றது.

பற்கள் கெட்டுவிடும் என்பதற்காக அவள் இனிப்புப் பண்டம் உண்பதை அவன் தடுத்திருக்கின்றான். அவள் ஒளித்து உண்கின்றாள்; கேட்டால் இல்லை என்கின்றாள். இது சிறிய விடயந்தான். ஆனால் அக்கறை என்ற பெயரால் ஒருத்தியின் வாய்க்குள் எது போகலாம் என்பதைத் தீர்மானிப்பவன், அவளைப் பொய் சொல்லவும் பழக்கிவிடுகின்றான் என்பது முதல் அங்கத்திலேயே தெளிவாகின்றது. நோராவும் அப்பாவியல்லள். எதையேனும் பெற வேண்டுமாயின் அணிலைப் போலத் துள்ளியும் வானம்பாடியைப் போலப் பாடியும் காட்ட வேண்டும் என்பதை அவள் கற்றுவைத்திருக்கின்றாள். நேர்வழி அடைக்கப்பட்ட இடத்தில் வளைந்த வழி பிறக்கும். ஆள்பவன் தந்திரத்தால் ஆளும்போது ஆளப்படுபவளும் தந்திரத்தாலேயே வாழ்கின்றாள். இருவருக்குமிடையில் உண்மை பேச இடமே இல்லாமற் போகின்றது.

இந்நாடகத்தில் என் மாணவி கவனியாது விட்ட இடமொன்று உண்டு. பல விமர்சகரும் அதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். இரண்டாம் அங்கத்தில் நோரா தன் தோழி கிறிஸ்தீனாவிடம் தன் மணவாழ்வைப் பற்றிப் பேசுகின்றாள். கணவன் தன்மீது கொண்ட அன்பு அளவற்றது என்றும், தன்னை முழுவதும் தனக்கே உரியவளாக வைத்திருக்க விரும்புகின்றான் என்றும் சொல்கின்றாள். மணமான புதிதில் பிறந்தகத்தில் தனக்கு வேண்டியவர்களின் பெயரை எடுத்தாலே அவனுக்குப் பொறாமை வந்துவிடும். ஆதலால் அவர்களைப் பற்றிப் பேசுவதையே தான் நிறுத்திவிட்டதாகவும் கூறுகின்றாள். இதை அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை; தன் பாக்கியமாகவே சொல்கின்றாள். எவரும் அவளுக்குக் கட்டளையிடவில்லை, கதவைப் பூட்டவில்லை. எனினும் அவளுடைய பழைய உலகம் அவள் நாவிலிருந்தே நீங்கிவிட்டது. அன்பின் பெயரால் நிகழும் ஆதிக்கத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதியதில்லை எனலாம். வன்முறை தடுத்திருந்தால் அவள் எதிர்த்திருக்கக்கூடும். அன்பு தடுத்ததனால் அவள் நன்றி செலுத்துகின்றாள்.

அவ்வீட்டின் தபாற் பெட்டியும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. அதன் திறப்பு ஹெல்மரிடம் மட்டுமே உண்டு. நாடகத்தின் நெருக்கடி முழுவதும் அப்பெட்டிக்குள் கிடக்கும் ஒரு கடிதத்தையே சுற்றுகின்றது. நோய்ப்பட்டிருந்த கணவனின் உயிரைக் காக்க, இத்தாலிப் பயணத்துக்கென நோரா இரகசியமாகக் கடன் வாங்கியிருந்தாள். அதற்காகத் தகப்பனின் கையொப்பத்தைத் தானே இட்டிருந்தாள். தகப்பன் இறந்தது செப்டெம்பர் 29ஆந் திகதி. கையொப்பத்தின் திகதி ஒக்டோபர் 2. கடன் கொடுத்த குறொக்ஸ்தாட் அந்த முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் ஹெல்மரின் வங்கியில் ஊழியன்; வேலை பறிபோகப் போகின்றது என்றறிந்து நோராவை மிரட்டுகின்றான். அவனை நீக்க வேண்டாமென்று அவள் கணவனிடம் மன்றாடும் காட்சி கூர்ந்து நோக்கத்தக்கது. மனைவியின் சொற்கேட்டு மனம் மாறினான் என்று வங்கியில் உள்ளோர் சிரிப்பர் என்பது ஹெல்மரின் காரணங்களுள் ஒன்று. அது அற்பக் காரணம் என்று அவள் சொல்லிவிடுகின்றாள். அவ்வளவுதான், மறுகணமே வேலைக்காரியை அழைத்து, வேலைநீக்கக் கடிதத்தை அனுப்பிவிடுகின்றான். கொஞ்சிய வாய் ஒரு சொல் எதிர்த்ததும் எவ்வாறு மாறுகின்றது என்பதை இப்சன் ஒரே நிகழ்ச்சியிற் காட்டிவிடுகின்றார். பின்னர் அவன் அவளைத் தேற்றவும் செய்கின்றான். தண்டனையும் தாலாட்டும் ஒரே கையிலிருந்து வருகின்றன.

மூன்றாம் அங்கத்தில், விருந்திலிருந்து திரும்பிய ஹெல்மர் மதுவின் மயக்கத்தில், அவளுக்கு ஏதேனும் ஆபத்து வர வேண்டும், அவளுக்காகத் தன் உயிரையும் உடைமையையும் பணயம் வைக்கத் தனக்கொரு வாய்ப்புக் கிட்ட வேண்டும் என்று தான் அடிக்கடி விரும்புவதாகக் கூறுகின்றான். சற்று நேரத்தில் அந்த ஆபத்து கடித வடிவில் வந்து சேர்கின்றது. அவன் அவளைப் பொய்காரி என்றும் குற்றவாளி என்றும் ஏசுகின்றான். குழந்தைகளை வளர்க்கும் தகுதியும் அவளுக்கு இல்லை என்கின்றான். பத்திரம் திரும்பி வந்து ஆபத்து நீங்கியதும், தான் தப்பிவிட்டதாகத்தான் முதலிற் கூவுகின்றான். உடனே மன்னிப்பும் பழைய கொஞ்சலும் திரும்புகின்றன. மனைவியை மன்னிப்பதில் ஆண்மகனுக்கு ஓர் இனிமை உண்டு. அதனால் அவள் இருமடங்கு அவனது உடைமையாகின்றாள் என்று அவன் விளக்கமும் தருகின்றான். நோரா விழித்துக்கொள்வது ஏச்சைக் கேட்டமையால் மட்டுமன்று. ஏச்சுக்குப் பின் வந்த இந்த இனிமையைக் கேட்டதனாலேயே எனலாம். எட்டாண்டு வாழ்வில் இருவரும் ஒரு தடவையேனும் அமர்ந்து எதைப்பற்றியும் கருத்தூன்றிப் பேசியதில்லை என்று அவள் சொல்வது அதன் பின்னரே.

ஹெல்மரின் மனமாற்றம் திடீரென நிகழ்கின்றது, நம்பத்தக்கதாக இல்லை என்று கூறுவோருண்டு. அவர்கள் முதலிரு அங்கங்களையும் சரியாகப் பார்க்கவில்லை என்பதே என் கருத்து. ஹெல்மர் மாறவேயில்லை. வானம்பாடி என்று அழைத்தவனும் குற்றவாளி என்று ஏசியவனும் ஒருவனே. இரு வேளையிலும் அவன் எதிரே ஒரு மனிதப் பிறவி நிற்பதை அவன் காணவில்லை.

இவ்விடத்தில் இன்னொரு படைப்பை ஒப்பு நோக்குவது பயனுடைத்து. பட்ரிக் ஹமில்டனின் 'காஸ்லைட்' நாடகம் 1938இல் இலண்டனில் மேடையேறியது. 1944இல் ஜோர்ஜ் கியூகோர் அதனை ஹொலிவூட்டில் இங்கிறிட் பேர்க்மனைக் கொண்டு படமாக்கினார். அப்படத்தில், பழகி இரு கிழமைகளே ஆன காதலனிடம், தனியாகச் சிந்திக்க ஒரு கிழமை வேண்டும் என்று கேட்டு நாயகி புகைவண்டியேறுகின்றாள். வண்டி நிற்கும்போது அவன் அந்த நிலையத்திலேயே காத்து நிற்கின்றான். பார்ப்போர் மனம் நெகிழும். எத்துணைக் காதல் என்று தோன்றும். ஆனால் அவள் கேட்டது ஒரு கிழமைத் தனிமை. அவன் கொடுக்க மறுத்ததும் அதுவே. பின்னர் அவன் அன்பளிப்பாகக் கொடுத்த அணியே காணாமற் போய், அவளுடைய நினைவாற்றலைச் சந்தேகத்துக்குள்ளாக்கும் கருவியாகின்றது. இத்தகைய அன்பு மழைக்கு இன்றைய உளவியலார் 'அன்புக் குண்டுவீச்சு' என்று பொருள்படும் பெயரை வழங்குகின்றனர். அப்பெயர் 1970களில், புதியவர்களைத் தம்பால் ஈர்க்க அன்பைச் சொரிந்த ஒரு மதக் குழுவின் வழக்கிலிருந்து பரவியது. காதலுக்கும் இயக்கத்துக்கும் ஒரே கண்ணி பொருந்துவது சிந்தனைக்குரியது.

எனினும் கலைப்படைப்பு என்ற வகையில் இப்சனே மேலோங்கி நிற்கின்றார். 'காஸ்லைட்' கணவன் நகைகளைத் தேடும் கொலைஞன்; அவன் அன்பு வேண்டுமென்றே போட்ட வேடம். ஹெல்மரோ தன்னை நல்ல கணவனென்று மனமார நம்புபவன். வில்லனைக் கண்டு அஞ்சுவது எளிது. அவன் நம் வீட்டில் இல்லை என்று ஆறுதலும் அடையலாம். ஹெல்மரை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. ஒருவனின் அன்பு ஆதிக்கமா என்பதை அறிய அவன் உள்ளத்தைத் துருவ வேண்டியதில்லை. அந்த அன்பு மற்றவரை வளர்க்கின்றதா, குறுக்குகின்றதா என்று பார்த்தாற் போதும் என்பதே இப்சன் நமக்குத் தரும் அளவுகோல்.

சட்டமும் இத்திசையிற் சில அடிகள் வைத்துள்ளது. இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உளவழித் துன்புறுத்தலையும் வன்முறை எனக் கொள்கின்றது. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் நெருங்கிய உறவிற் கட்டுப்படுத்தும் நடத்தையைக் குற்றமாக்கியது. ஆனால் சட்டம் காண்பது கொடுமையை மட்டுமே. கொடுமைக்கு முன் வந்த சங்கிலியையும், புகைவண்டி நிலையத்துக் காத்திருப்பையும் நீதிமன்றம் காண்பது அரிது. அவற்றைக் காட்ட வல்லது இலக்கியம்.

இவ்வன்பின் வேர் எங்கே? நோராவின் காலத்தில் மனைவி கணவனின் சம்மதமின்றிக் கடன் பெற முடியாது. இதை நாடகமே சொல்கின்றது. தேசவழமைக்குட்பட்ட யாழ்ப்பாணத்து மணமான பெண்ணைப் பற்றி 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கூறியதும் இதற்குத் தூரமானதன்று. தன் பெயரிலுள்ள காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் விற்க முடியாது என்றது. உடைமையின்மீது உரிமையில்லாதவளுக்குக் கொஞ்சலே கூலியாகின்றது. கூலி கொடுப்பவன் அதை நிறுத்தவும் வல்லவன். நோராவும் இதை அறிந்தேயிருக்கின்றாள். தன் அழகு குன்றி, தன் ஆட்டம் கணவனுக்குச் சலித்துவிடும் காலத்துக்கெனக் கடன் இரகசியத்தைச் சேமிப்பாக வைத்திருப்பதாக அவள் தோழியிடம் சொல்வது வேறெதைக் காட்டுகின்றது? இதனாலேயே சீனத்துப் பேரெழுத்தாளர் லூ சுன், 1923 டிசெம்பரில் பெய்ஜிங் மகளிர் கல்லூரி மாணவியர்முன், வெளியேறிய நோராவுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியைப் பொருளாக்கி உரை நிகழ்த்தினார். கையிற் காசில்லாத நோராவுக்குச் சீரழிவு அல்லது வீடு திரும்பல் என்ற இரு வழிகளே உண்டென்றும், பொருளாதார உரிமையே முதலில் வேண்டுமென்றும் அவர் வலியுறுத்தினார். நாடகத்தின் மூலையில் நிற்கும் தாதியை எண்ணினால் இவ்வுண்மை மேலும் உறைக்கும். ஏமாற்றப்பட்ட ஏழைப் பெண் அவள்; தன் குழந்தையைப் பிரிந்து நோராவை வளர்க்க வந்தவள். அவளுக்கு அறைந்து சாத்தக் கதவே இல்லை.

ஆயின் பொருளாதாரம் மட்டுமே இதன் முழு விளக்கமாகிவிடுமா? ஆம் என்று சொல்லிவிட நாம் விரும்புவோம். வரலாறு நம்மைத் தடுக்கின்றது. 1886 ஜனவரியில், இலண்டனில் ஒரு வீட்டில் 'பொம்மை வீடு' நண்பர்களால் வாசிக்கப்பட்டது. குறொக்ஸ்தாட்டாக வாசித்தவர் பேர்ணாட் ஷா. நோராவாக வாசித்தவர் கார்ல் மார்க்ஸின் இளைய மகள் எலினர். ஹெல்மராக வாசித்தவர் எலினர் 1884 முதல் வாழ்க்கைத் துணையாக ஏற்றிருந்த எட்வர்ட் ஏவ்லிங். அவ்வாண்டிலேயே இருவரும் இணைந்து பெண் விடுதலை பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டனர். எலினர் இப்சனை மொழிபெயர்ப்பதற்கென்றே நோர்வே மொழி கற்றவர், உழைத்து உண்டவர், ஏங்கெல்ஸ் 1895இல் மறைந்தபோது விட்டுச் சென்ற பணத்தில் ஒரு பங்கும் அவருக்குக் கிடைத்தது. ஏவ்லிங்கோ பேச்சுவன்மையும் கவர்ச்சியும் மிக்கவர் எனப் பலராற் குறிக்கப்பட்டவர். அவர் 1897 ஜூனில் வேறொரு பெண்ணை இரகசியமாக மணந்துகொண்டார். பின்னரும் எலினரிடம் திரும்பி வந்தார், நோயுற்றார், எலினர் அவருக்குப் பணிவிடை செய்தார். 1898 மார்ச் 31இல் எலினர் நஞ்சருந்தி மாண்டார். அப்போது அவருக்கு வயது 43.

நோராவின் சொற்களைத் தன் வாயாற் சொன்னவருக்கும் அச்சொற்கள் அரணாகவில்லை. இது அவருடைய அறிவின் குறையன்று. கொள்கையில் தோழனாயிருப்பவன் வீட்டிலும் தோழனாயிருப்பான் என்று நம்பிவிடுவது நம் இயக்கங்களின் பழைய பலவீனம். மேடையிற் பெண் விடுதலை பேசி, வீட்டில் தபாற் பெட்டியின் திறப்பைத் தன் பையில் வைத்திருப்போர் நம்மிடையேயும் உளர். இதைச் சொல்வது எதிரிக்குத் துணை போவதாகாது.

இப்சனும் இதற்கு விலக்கல்லர். நோராவின் கதைக்கு மூலம் லோரா கீலர் என்ற இளம் எழுத்தாளரின் வாழ்வு. கணவனின் நோய் தீர்க்கவே அவரும் மறைவாகக் கடன் பட்டார்; உண்மை வெளிப்பட்டதும் கணவனால் மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டார். அவரை வானம்பாடி என்று அழைத்தவர் வேறு யாருமல்லர், இப்சனே. தன் துயரம் நாடகமானதை லோரா மனமுவந்து ஏற்கவில்லை. பெயர் வைப்பவனின் கை எங்கெல்லாம் நீளும் என்பதற்கு இதுவும் சான்று. ஆயினும் அக்கையின் செயலை உலகம் காணச் செய்தவரும் அவரே. 1880இல் ஜேர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகை, குழந்தைகளை விட்டுச் செல்லும் முடிவை நடிக்க மறுத்தமையால், நோரா வீட்டிலேயே தங்கிவிடும் முடிவொன்றை இப்சன் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அதனை நாடகத்துக்கு இழைக்கப்பட்ட காட்டுமிராண்டித்தனம் என்று அவரே கண்டித்தார்.

என் மாணவிக்கு நான் இப்போது சொல்லக்கூடியது இதுதான். அன்பு மிகுதியாக இருப்பது குற்றமன்று. அது எந்த வேளையில் வருகின்றது என்று பார். நீ ஒரு கருத்துச் சொல்லும்போது அதைக் கேட்க வருகின்றதா, நிறுத்த வருகின்றதா? நீ வேண்டாம் என்ற பின்னரும் அதே முகத்தோடு நிற்கின்றதா? உன் தோழியரின் பெயர்கள் உன் பேச்சில் இன்னும் இருக்கின்றனவா? ஒரு கிழமை தனித்திருக்க வேண்டும் என்று கேட்டுப் பார். அந்த ஒரு கிழமையை முகங்கோணாது தர வல்லவன் சங்கிலி தராவிட்டாலும் உன்னை விரும்புகின்றவனே. தர மாட்டாதவனிடம் முதலிற் பேசு. அவன் கேட்பானோ கொஞ்சுவானோ என்று கவனி. இவற்றுக்கெல்லாம் முன், உன் நியமனத்தையும் உன் சம்பளத்தையும் உன் பெயரிலேயே வைத்துக்கொள்.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. வகுப்பறையிற் காதற் கவிதைகளின் நயம் சொல்கின்றோம், உவமையைப் பாராட்டுகின்றோம். பெண்ணைக் கிளி என்றும் மான் என்றும் பாவை என்றும் அழைக்கும் மரபைப் படிப்பிக்கும்போது, அவ்வாறு அழைக்கப்படுபவள் அங்கே என்ன சொன்னாள் என்ற கேள்வியையும் மாணவர்முன் வைப்போமா? அக்கேள்வியைக் கேட்கப் பழகிய பெண் தனக்கு வந்த அன்பையும் வாசிக்கக் கற்றுக்கொள்வாள். கேட்கப் பழகிய ஆண்மகன் ஹெல்மராகாமல் தப்பவும் கூடும்.